பழைய புரோகிராமபிள் ஜாய்ஸ்டிக்: கூகரா, சிஎச்சா, எக்ஸ்52-ஆ, சைட்வைண்டரா?

ஃபிளைட் சிமுலேட்டரில் கொஞ்ச காலம் கீபோர்டோடு போராடியவர்கள் அடுத்து செகண்ட் ஹேண்ட் ஜாய்ஸ்டிக் தேடத் தொடங்குவார்கள். அங்கே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: த்ரஸ்ட்மாஸ்டர் ஹோட்டாஸ் கூகர், சிஎச் ஃபைட்டர்ஸ்டிக், சைடெக் எக்ஸ்52, மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2. நான்கையும் புகழ ஆள் உண்டு, திட்டவும் ஆள் உண்டு. அதனால்தான் எதை எடுப்பது என்று பலர் நாள்கணக்கில் முடிவெடுக்காமல் நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராமிங் வசதிக்காக, அதாவது எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று நாமே எழுதி வைக்கும் வசதிக்காக மட்டும், பழைய ஜாய்ஸ்டிக் வாங்க வேண்டாம். அதன் உடம்பைப் பார்த்து வாங்குங்கள். உடம்பு என்றால் கிம்பல் (பிடியை எல்லாத் திசையிலும் சாய விடும் உள்ளமைப்பு), சென்சார், ஸ்பிரிங், பிடி.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த சிமுலேட்டர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்கைத்தான் ஏற்றன, அதிலும் சில பொத்தான்களை மட்டும். ரேடார், ஆயுதம், ரேடியோ எல்லாம் கீபோர்டு கட்டளைகள். ஆகவே ஒரு பொத்தானை அழுத்தினால் கீபோர்டு விசையாகவே கணினிக்குப் போய்ச் சேரும் ஜாய்ஸ்டிக்குக்கு அன்று பெரிய மதிப்பு இருந்தது. இன்று டிசிஎஸ், ஃபால்கன் பிஎம்எஸ், எக்ஸ்-பிளேன் ஆகிய சிமுலேட்டர்கள் எல்லாமே பல கருவிகளை ஒரே நேரத்தில் ஏற்கின்றன. ஷிஃப்ட் போல ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தும் வசதியை டிசிஎஸ்ஸும் பிஎம்எஸ்ஸும் தாமே தருகின்றன. அதுவும் போதாதென்றால் ஜாய்ஸ்டிக் கிரெம்லின், விஜாய், ஹிட்ஹைட் ஆகிய மூன்று இலவச நிரல்களைச் சேர்த்தால் எந்த ஜாய்ஸ்டிக்கையும் புரோகிராமபிள் ஆக்கிவிடலாம். கிரெம்லின் விதிகளை எழுத உதவுகிறது, விஜாய் கற்பனை ஜாய்ஸ்டிக் ஒன்றை உருவாக்குகிறது, ஹிட்ஹைட் உண்மையான ஜாய்ஸ்டிக்கை விளையாட்டின் கண்ணில் படாமல் மறைக்கிறது. மென்பொருளில் குறை இருந்தால் வேறு மென்பொருளால் ஈடுகட்டலாம். தேய்ந்த கிம்பலை அப்படிச் சரிசெய்ய முடியாது.

## எதை வைத்து அளப்பது

சென்சார். பழையவற்றில் பெரும்பாலும் பொட்டன்ஷியோமீட்டர்தான், சுருக்கமாக பாட். ஒரு மின்தடைப் பட்டையின் மேல் சின்னத் தொடுமுனை ஒன்று உரசி நகரும். உரசுவதால் தேயும், தூசி சேரும், பிறகு மதிப்பு எகிறிக் குதிக்கும். விமானம் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று மூக்கு துள்ளினால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹால் சென்சாரில் காந்தமும் சில்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை.

கிம்பலும் ஸ்பிரிங்கும். நடுவில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது, நடுவை விட்டு நகர்த்தத் தொடங்கும்போது தடை தட்டுப்படுகிறதா, குறுக்காகச் சாய்க்கும்போது வழுக்கிக்கொண்டு போகிறதா? வானில் எரிபொருள் நிரப்பும்போதும் நெருக்கமான அணியில் பறக்கும்போதும் கை செய்வதெல்லாம் நடுவைச் சுற்றிய சின்னச் சின்ன அசைவுகள்தான். அங்கே இந்தக் குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இன்றைய கணினியில் ஓடுமா. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 32-பிட் டிரைவர் மட்டும் உள்ள கருவியின் புரோகிராமிங் வசதி அங்கே செத்த மாதிரிதான். 64-பிட் டிரைவர் இருந்தாலும் பழையதாக இருந்தால், விண்டோஸ் பாதுகாப்பில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி வசதி அதைத் தடுக்கக்கூடும்.

கூட வாங்க வேண்டியவை. கூகரிலும் ஃபைட்டர்ஸ்டிக்கிலும் பிடியைத் திருகி ரட்டரை (விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) இயக்க முடியாது. ரட்டர் பெடல் தனியாக வேண்டும். விலையை ஒப்பிடும்போது பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உங்கள் பொறுமை. ஸ்கிரிப்ட் எழுதப் பிடிக்குமா? சால்டரிங் இரும்பு கையாளத் தெரியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

| | கூகர் | சிஎச் ஃபைட்டர்ஸ்டிக் | எக்ஸ்52 | சைட்வைண்டர் எஃப்எஃப்2 |
|---|---|---|---|---|
| முக்கிய அச்சுகளின் (முன்-பின், இட-வல அசைவு) சென்சார் | பாட் | பாட் | ஹால் | பாட் |
| உடல் | உலோகம், கனம் | பிளாஸ்டிக், உறுதி | பிளாஸ்டிக் | பிளாஸ்டிக், உள்ளே மோட்டார் |
| ரட்டர் திருகு | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| த்ராட்டில் (எஞ்சின் சக்தி நெம்புகோல்) | கூடவே வரும் | அடிப்பாகத்தில் சிறு சக்கரம், முழு த்ராட்டில் தனியாக வாங்க வேண்டும் | கூடவே வரும் | அடிப்பாகத்தில் சிறு நெம்புகோல் |
| புரோகிராமிங் | மிக ஆழம் | மிக ஆழம் | போதுமான அளவு | வெளி நிரல் வேண்டும் |
| மறைமுகச் செலவு | பெடல், பாட் அல்லது கிம்பல் மாற்றம், மேசைப் பொருத்தி | பெடல், த்ராட்டில் | மின்சாரம் தரும் யூஎஸ்பி ஹப், திருகு அச்சுப் பழுது | பாட் மாற்றம், தனி த்ராட்டில் |
| யாருக்கு | எஃப்-16 பிரியர் | பழைய சிமுலேட்டர்களை விடாதவர் | எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவர் | ஹெலிகாப்டர், இரண்டாம் உலகப் போர் விமானம் |

## ஹோட்டாஸ் கூகர்

எஃப்-16 விமானியின் வலக்கைப் பிடியையும் இடக்கை த்ராட்டிலையும் உலோகத்தில் வார்த்த கருவி இது. 2000-களின் தொடக்கத்தில் வந்தது. பிடியைக் கையில் எடுத்த உடனே அதன் ஈர்ப்பு புரிந்துவிடும். பொத்தான்கள் உண்மையான விமானத்தில் இருக்கும் இடத்திலேயே இருப்பதால், ஃபால்கன் பிஎம்எஸ்ஸிலோ டிசிஎஸ்ஸின் எஃப்-16 வைப்பரிலோ பறக்கும்போது எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விமானக் கையேட்டில் டிஎம்எஸ், சிஎம்எஸ் என்று எந்தச் சுவிட்சின் பெயரைச் சொன்னாலும் விரல் நேராக அங்கே போய்விடும்.

புரோகிராமிங்கில் இதன் ஆழம் அசாத்தியம். பிடியில் ஒரு பொத்தானை ஷிஃப்ட்டாக வைக்கலாம், அழுத்தினால் ஒரு நிலை, விட்டால் இன்னொரு நிலை. த்ராட்டிலில் உள்ள டாக்ஃபைட் சுவிட்சுக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். இரண்டையும் பெருக்கினால் ஒரே பொத்தானுக்கு ஆறு வேலை கொடுக்கலாம். இதை வரி வரியாக எழுதும் ஸ்கிரிப்ட் முறைக்கு ஃபாக்ஸி என்ற எடிட்டர் அந்தக் காலத்தில் பெயர் பெற்றிருந்தது. பின்னால் 2010-ல் வார்ட்ஹாக் என்ற அடுத்த ஜாய்ஸ்டிக் வந்தபோது த்ரஸ்ட்மாஸ்டர் டார்கெட் என்ற புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. அது கூகரையும் ஏற்கிறது. சி மொழி சாயலில் ஸ்கிரிப்ட் எழுதலாம், எழுதத் தெரியாதவர்களுக்குப் படம் பார்த்துச் செய்யும் முறையும் உண்டு. புதிதாக வாங்குபவர் ஃபாக்ஸி பக்கம் போகாமல் நேராக டார்கெட்டையே பிடித்துக்கொள்வது நல்லது.

இப்போது குறைகளுக்கு வருவோம். இவ்வளவு அழகான பிடியைத் தாங்கும் கிம்பல் அதன் தகுதிக்கு ஏற்றதாக இல்லை. நடுவில் ஆட்டம், சீக்கிரம் அழுக்கேறும் பாட்கள், பலருக்கு அதிகமென்று தோன்றும் ஸ்பிரிங் விறைப்பு ஆகிய மூன்றும் கூகரின் பெயர்பெற்ற குறைகள். இதனால்தான் கூகருக்கென்றே மாற்றுக் கிம்பல்கள், ஹால் சென்சார் மாற்றுகள், உண்மையான எஃப்-16-ஐப் போல அசையாமல் அழுத்தத்தை மட்டும் உணரும் அடித்தளங்கள் என்று ஒரு தனி உலகமே உருவானது. யாராவது பழைய கூகரை விற்றால் முதல் கேள்வி அதன் விலையாக இருக்க வேண்டாம். கிம்பல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மாற்றம் செய்த கூகரும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கூகரும் பறக்கும்போது இரண்டு வேறு கருவிகள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. கூகர் பிடியை வார்ட்ஹாக் அடித்தளத்தில் அப்படியே திருகிப் பொருத்தலாம், இணைப்பான் ஒன்றேதான். வார்ட்ஹாக் அடித்தளத்தில் ஹால் சென்சார் இருப்பதால் பாட் தொல்லை போய்விடும். ஆகவே அடித்தளம் கெட்டுப்போன கூகர் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதைப் பிடிக்காகவே வாங்கலாம். ஆனால் கூகர் த்ராட்டில் தன் கேபிளால் ஜாய்ஸ்டிக் அடித்தளத்தோடுதான் இணைகிறது. அடித்தளத்தை எறிந்துவிட்டால் த்ராட்டிலுக்கு வேறு மின்சுற்று தேட வேண்டி வரும். பொருத்தும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மேசைப் பொருத்தி விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பிடி உயரம், ஸ்பிரிங் விறைப்பு. வெறும் மேசையில் வைத்து இழுத்தால் அடித்தளமே எழும்பும். கால்களுக்கு நடுவிலோ பக்கவாட்டிலோ தாழ்வாகப் பொருத்தினால்தான் மணிக்கட்டு வலிக்காமல் நீண்ட நேரம் பறக்கலாம்.

## சிஎச் ஃபைட்டர்ஸ்டிக், புரோ த்ராட்டில்

கூகருக்கு நேர் எதிரான குணம். பார்க்கச் சாதாரண கறுப்பு பிளாஸ்டிக், ஆனால் உழைப்பில் சளைக்காது. பல ஆண்டுகள் தினமும் ஓட்டிய சிஎச் கருவிகள் பாட்டைச் சுத்தம் செய்தவுடன் மறுபடி நன்றாக ஓடுவது சர்வசாதாரணம். பிடியில் மூன்று நான்கு-திசை ஹேட்களும் (கட்டைவிரலால் பல திசையில் தள்ளும் சுவிட்சுகள்) ஒரு எட்டு-திசை ஹேட்டும் இருப்பதால் கையை எடுக்காமலே ஏராளமான கட்டளைகளைக் கொடுக்கலாம்.

இதன் உண்மையான பலம் கன்ட்ரோல் மேனேஜர் மென்பொருள். ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றையும் சேர்த்து விளையாட்டுக்கு ஒரே கருவியாகக் காட்டும். ஒரே ஜாய்ஸ்டிக்கை மட்டும் ஏற்கும் பழைய சிமுலேட்டர் உங்களுக்குப் பிடித்தமானது என்றால் இந்த ஒரு வசதிக்காகவே சிஎச் வாங்கலாம். அதன் ஸ்கிரிப்டில் வரிசைக் கட்டளை, நேரக் கணக்கு, நிபந்தனை எல்லாம் எழுத முடியும். மென்பொருளே வேண்டாம் என்றால் டைரக்ட் மோடில் விட்டுவிடுங்கள், விண்டோஸ் அதைச் சாதாரண யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும்.

குறை என்ன? ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி ஸ்பிரிங் என்பதால் நடுவில் ஒரு தட்டல் கையில் தெரியும். நேராக மேலோ பக்கவாட்டிலோ போக வசதி, குறுக்காக நுணுக்கமாகப் போவதற்குப் பழக்கம் வேண்டும். ஸ்பிரிங் மென்மையானது, சிலருக்கு இது குறை, மணிக்கட்டு நோகாமல் பறக்க நினைப்பவருக்கு நிறை. புரோ த்ராட்டில் முன்னும் பின்னும் நேர்கோட்டில் சறுக்குகிறது, ஆஃப்டர்பர்னருக்கு (ஜெட் எஞ்சினின் கூடுதல் உந்துதல்) தனிப் படி கிடையாது. இரட்டை எஞ்சினைத் தனித்தனியாக இயக்க வேண்டியவருக்கு அது போதாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: அடிப்பாகத்தில் டிரிம் சக்கரங்கள், அதாவது நடுநிலையை நுணுக்கமாக நகர்த்தும் சக்கரங்கள், உண்டு. அவை நடுவில் இல்லாவிட்டால் நல்ல ஜாய்ஸ்டிக்கும் பழுதானது போலக் காட்டும். அவற்றை நடுவில் வைத்த பிறகே சோதியுங்கள்.

## சைடெக் எக்ஸ்52, எக்ஸ்52 புரோ

எக்ஸ்52 2004-ல் வந்தது. சைடெக் பெயர் பிறகு மேட் கேட்ஸ் கைக்கும், 2016-ல் லாஜிடெக் கைக்கும் போனது. எக்ஸ்52 புரோ லாஜிடெக் பெயரிலும் தொடர்ந்து விற்றது. இந்த வரலாற்றால் ஒரு பெரிய நன்மை: 64-பிட் டிரைவர் கிடைக்கிறது. இந்த நான்கில் இன்றைய விண்டோஸில் தலைவலி குறைவாகத் தருவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

முக்கிய இரண்டு அச்சுகளிலும் ஹால் சென்சார். பிடியில் மூன்று நிலை மோட் சக்கரம், சுண்டுவிரலுக்கு ஷிஃப்ட் சுவிட்ச். ஆக இங்கேயும் ஒரு பொத்தானுக்கு ஆறு வேலை, அதுவும் ஸ்கிரிப்ட் எழுதாமல் மவுஸால் சொடுக்கியே அமைத்துவிடலாம். த்ராட்டிலில் சுழல் குமிழ்களும் சறுக்கு நெம்பும் இருப்பதால் டிரிம், ஜூம், ரேடார் கோணம் போன்றவற்றுக்குத் தனி அச்சு கிடைக்கிறது. சின்னத் திரை அழகுக்குத்தான், அதற்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பலவீனம் கைக்கே தெரியும். ஸ்பிரிங் தளர்வாக இருக்கும், புரோவில் நிலைமை கொஞ்சம் மேல். ரட்டர் திருகு அச்சில் மட்டும் பாட் என்பதால் முதலில் கெடுவது அதுதான், நேராகப் பறக்கும்போது வால் தானாக ஆடத் தொடங்கும். ஜாய்ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் இணைக்கும் கேபிளின் முனை பழைய கீபோர்டு இணைப்பான் போன்றது, முரட்டுத்தனமாகச் செருகினால் ஊசிகள் வளைந்துவிடும். யூஎஸ்பி மின்சாரம் குறைந்தால் அழுத்தாத பொத்தான்கள் தாமாக அழுந்துவதுபோல் தோன்றும். மின்சாரம் தரும் ஹப்பில் செருகி, விண்டோஸின் யூஎஸ்பி மின்சேமிப்பை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2

இதைப் புரோகிராமபிள் ஜாய்ஸ்டிக் பட்டியலில் ஏன் சேர்த்தாய் என்று சிலர் கேட்கலாம். பொத்தான்கள் எட்டு, அதன் பழைய மென்பொருளை இன்று நம்ப முடியாது. இருந்தும் சேர்த்தது ஏனென்றால், மற்ற மூன்றாலும் எந்த ஸ்கிரிப்டாலும் தர முடியாத ஒன்றை இது தருகிறது.

ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் நடு எப்போதும் ஒரே இடம்தான். ஆனால் உண்மையான ஹெலிகாப்டரில் விமானி சைக்ளிக்கை (ஹெலிகாப்டரைச் சாய்த்து ஓட்டும் கோல்) முன்னே தள்ளி டிரிம் பொத்தானை அழுத்தி விட்டால், கோல் அங்கேயே நிற்கும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் டிரிம் செய்த அடுத்த நொடி கையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் மோட்டார் புதிய நடுவைக் கையில் பிடித்து வைக்கும். டிசிஎஸ்ஸில் ஹியூயி, எம்ஐ-8 போன்ற ஹெலிகாப்டர்களை ஓட்டுபவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒருமுறை பறந்தாலே தெரியும். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் வேகம் கூடக் கூடக் கோல் கனப்பதும், ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) முன் அதிர்வதும் கைக்கே வந்து சேரும்.

ஆதரவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. டிசிஎஸ்ஸிலும் ஐஎல்-2 சிமுலேட்டர் வரிசையிலும் நேரடியாக ஓடும். எக்ஸ்-பிளேனுக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-க்கும் வெளி நிரல் வேண்டும். விண்டோஸ் 10 இதைத் தனி டிரைவர் இல்லாமலே அடையாளம் காண்கிறது. பிடியில் கை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் ஒன்று உண்டு, கை இல்லாவிட்டால் மோட்டாரின் விசை நின்றுவிடும். அது கெட்டிருந்தால் மோட்டாரே கெட்டது என்று விற்பவர் தவறாக நினைத்திருக்கலாம்.

இதற்குச் சுவர் மின்சாரம் வேண்டும், மின்மாற்றம் உள்ளேயே நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அடிப்பாக ஒட்டியில் எழுதியிருக்கும் வோல்டேஜைக் கட்டாயம் பாருங்கள். பாட் தேய்மானம் இங்கும் உண்டு, ஆனால் மாற்றக்கூடியது. எட்டுப் பொத்தான் போதாதென்றால் எந்த யூஎஸ்பி த்ராட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், இன்றைய சிமுலேட்டர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

## கேம்போர்ட் காலத்துக் கருவிகள்

எஃப்எல்சிஎஸ், எஃப்-22 புரோ போன்ற 1990-களின் த்ரஸ்ட்மாஸ்டர் கருவிகளும் கண்ணில் படும். அவை 15 ஊசி கேம்போர்ட்டில் செருகுபவை. அந்தப் போர்ட் நான்கு அச்சு, நான்கு பொத்தானோடு முடிந்துவிடும் என்பதால் மீதிக் கட்டளைகளைக் கீபோர்டு வயர் வழியாக அனுப்பும். விண்டோஸ் விஸ்டாவோடு கேம்போர்ட் ஆதரவு போய்விட்டது. சாதாரண யூஎஸ்பி மாற்றி அந்தக் கீபோர்டு பாதியைக் கடத்தாது. உள்ளே இருக்கும் மின்சுற்றை எடுத்துவிட்டுச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை வைத்து வயரிங் செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் இது இன்பமான வேலை. மற்றவர்கள் தொட வேண்டாம்.

## புதிதாகவே வாங்கிவிட்டால்?

இதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டியில் தொடாமல் இயங்கும் சென்சார், ரட்டர் திருகு, அமைப்புகளை ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே சேமிக்கும் வசதி மூன்றும் உண்டு. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்மின் பிடியில் பொத்தான் குறைவு, ஆனால் ஹால் சென்சார் இருக்கிறது. பழைய கூகரின் விலையோடு பெடல், கிம்பல் மாற்றம், பொருத்தி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். எஃப்-16 மேல் தனிப் பற்று இல்லாதவருக்கு அந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் புதியதற்கே சாதகமாக வரும். ஆனால் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வேண்டுமென்றால் கணக்கு தலைகீழ். அந்த வகையில் புதியவை விலை எகிறியவை, பழைய சைட்வைண்டர் இன்னும் நியாயமான தேர்வு.

## எந்த நிலைக்கு எது

எஃப்-16 மட்டுமே ஓட்டுகிறீர்கள், பெடல் ஏற்கெனவே இருக்கிறது, கருவியைப் பிரிக்கப் பயமில்லை: கூகர், அதுவும் கிம்பல் மாற்றியதாக அல்லது வார்ட்ஹாக் அடித்தளத்தோடு.

பழைய சிமுலேட்டர்களில் இன்னும் மனம் நிற்கிறது, ஸ்கிரிப்ட் எழுதுவதே ஒரு மகிழ்ச்சி: சிஎச்.

சின்ன மேசை, பெடல் வாங்கும் எண்ணமில்லை, இன்று பயணிகள் விமானம், நாளை விண்வெளி விளையாட்டு: எக்ஸ்52, முடிந்தால் புரோ.

ஹெலிகாப்டர் அல்லது புரொப்பெல்லர் போர் விமானம்: சைட்வைண்டர். பொத்தான் எண்ணிக்கையைப் பார்த்து இதைத் தள்ளிவிடாதீர்கள்.

## வாங்கும் முன் சோதிக்கும் முறை

விற்பவரிடம் ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். விண்டோஸில் ஜாய்ஸ்டிக் சோதனைச் சாளரமான ஜாய்.சிபிஎல் (joy.cpl) திறந்து, ஒவ்வொரு அச்சையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மிக மெதுவாக நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி சீராக நகர வேண்டும். இடையில் துள்ளினால் பாட் அழுக்கு அல்லது தேய்மானம். பிறகு நடுவில் விட்டுவிட்டு விரலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் கிம்பலில் ஆட்டம். டெட்சோன் (நடுவில் சின்ன அசைவுகளைக் கணக்கில் எடுக்காத பகுதி) வைத்து நடுத் துள்ளலை மறைத்திருக்கலாம், எனவே அது பூஜ்யத்தில் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாட் அழுக்கு மட்டும் என்றால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் போதும், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கிவிடலாம். பிடிக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஓடும் வயர் அறுந்திருந்தால் ஒரு ஹேட் முழுவதும் அல்லது சில பொத்தான்கள் சேர்ந்தே வேலை செய்யாது. பிடியை எல்லாத் திசையிலும் சாய்த்துக்கொண்டே பொத்தான்களை அழுத்திப் பார்த்தால்தான் அது தெரியவரும். கிம்பலில் விரிசல் இருந்தால் வேறொரு பிரதியைத் தேடுங்கள். கூகரில் பிடிக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அது பொருட்டில்லை.